தேவி குனிந்த வளைவு

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாளைக் காலை கோயில் முற்றத்தில் தேவியின் பல்லக்குத் தண்டின் மேல் கைவைத்து நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எழுதிப் பார்த்தால் கண்ணால் கண்டது எனக்கே தெளியும் என்று ஒரு நப்பாசை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கின்னௌர் மலைச்சிகரங்களில் பனி வெள்ளியாய் உருகி—

வேண்டாம். வாழ்க்கைப்பட்டு வந்த இந்த இமாச்சல ஊரைச் சுற்றுலாக்காரி மாதிரி எழுத வெட்கமாக இருக்கிறது.

2

பூத்திருவிழா அன்று. பல்தேன் ஓட்டும் ஷேர் ஜீப்பில்* பக்கத்து வீட்டு டோல்கர் வலி தாங்காமல் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கீழே ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே பாதைதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சட்லெஜ். வளைவில் திரும்பினால் எங்களுக்கு முன்னால் ஊர்த் தேவியின் பல்லக்கு போய்க்கொண்டிருந்தது.

"ஹாரன் அடிடா!"

"உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? தேவிக்கே ஹாரனா?"

தேவியை முந்தி யாரும் போவதில்லை. அதிலும் பேறுகாலத் தீட்டோடு வரும் வண்டி, அவளே சம்மதித்தால்தான் போகலாம். பல்தேன் இறங்கினான். பச்சைத் தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு தேவியிடம் வழி கேட்டான். கேட்டவர் பக்கம் பல்லக்கு குனிந்தால் சம்மதம், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கூடாது.

பின்தண்டைச் சுமந்து நின்றவன் ஹீராமன். டோல்கரின் புருஷன். தோளில் ஏற்றினால் கோயில் வரை இறக்கக்கூடாது. இவளுக்கு வலி கண்டதோ அவன் ஏற்றிய பிறகு.

(சொல்லி வைத்தாற்போல் இருக்கிறதே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. கற்பனையாக இருந்தால் நானே வெட்டியிருப்பேன்.)

* இந்த ஜீப்பில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று ஒரு வரி வைத்திருந்தேன். பழைய ஜோக்.

3

மேளம் நின்றது. பல்லக்கு அசையவில்லை.

டோல்கர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். "ஏய் ஹீராமன்! அங்க என்னத்தடா தூக்கிட்டு நிக்கிற? இங்க உன் புள்ள சாகுதுடா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லக்கு எங்கள் பக்கம் குனிந்தது. அதன் உச்சியிலிருந்த யாக் எருதின் முடிக் குஞ்சம் ஜீப்பின் கண்ணாடியைத் தொட்டது.

"சொல்லிட்டா! தேவி சொல்லிட்டா! வுடுங்கப்பா வழிய!" கத்திக்கொண்டே பல்தேன் வண்டியில் ஏறினான்.

கூட்டம் பாறையோடு ஒட்டி நின்றது. எங்கள் டயர் விளிம்பில் கல்லைத் தள்ளிக்கொண்டு போனது. கல் ஆற்றில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை.

பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று எல்லா டாக்டர்களும் சொல்வதை அந்த டாக்டரும் சொன்னார்.

4

இங்கேயே முடித்திருக்கலாம். முன்தண்டைச் சுமந்த சுபாராம் வாய் சும்மா இருந்தால்தானே?

"தேவி குனிஞ்சா ரெண்டு பேர் தோளையும் இழுக்கும். எனக்கு இழுக்கலயே!" ஹீராமன்தான் சாய்த்தான் என்கிறான்.

தேவியின் வாக்கைப் பொய்யாக்கியவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அவன் குழந்தைக்கு தேவி பெயர் தர மாட்டாள். மிக அருகில் இருந்தவள் நான் என்பதால் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முடிவு அ: எதையும் பார்க்கவில்லை என்கிறேன். அது பொய். ஹீராமனின் முழங்கால் மடங்கியதைப் பார்த்தேன்.

முடிவு ஆ: அதைச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் அந்தக் குழந்தை அழும்போதெல்லாம்—

முடிவு இ: தேவியை நம்பாதவளாக என்னை மாற்றி எழுதிக்கொள்கிறேன். முடியவில்லை. நம்புகிறேன், அதுதான் தொல்லை.

5

சாயங்காலம் ஹீராமன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாயேன்."

"இல்ல அண்ணி. பாத்தத சொல்லுங்க. நான் எதும் மனசுல வச்சுக்க மாட்டேன்."

"நீயா மடக்குன?"

தொப்பியைத் தடவிக்கொண்டே சொன்னான். "அவ கத்துனா. அப்பறம் என் காலு என் பேச்சக் கேக்கல. அது தேவியா, நானா… எனக்கே தெரியல அண்ணி."

நாளை இதையெல்லாம் சொல்ல விடமாட்டார்கள். ஒரே கேள்விதான்: தேவி குனிந்தாளா? ஆம், இல்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் ஜீப்பில் என் பக்கத்தில்தான் இருந்தீர்கள். டோல்கர் கத்தியதைக் கேட்டீர்கள். முழங்காலைப் பார்த்தீர்கள். வாருங்கள், தண்டின் மேல் கையை வையுங்கள்.

குனிந்தாளா?