பனி மாமாவின் பட்டன்கள்

உலகக் கல்வி வரலாற்றில் இதுவரை எந்த அறிஞரும் பதிவு செய்யாத ஒரு பேருண்மையை இங்கே முதன்முறையாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. அனைவரும் எழுந்து நிற்கலாம். முடியாதவர்கள் நிமிர்ந்தாவது உட்காரலாம். உண்மை இதுதான்: நடுத்தர வயது ஆண் ஒருவரின் தொப்பையை உரிய முறையில் பயன்படுத்தினால், சிறு குழந்தைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அந்தத் தொப்பைக்குச் சொந்தக்காரர் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் தேர்வு அதிகாரி. வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமலேயே அவர்களுக்கு வியர்க்க வைப்பது அவர் உத்தியோகம். மீசை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் பேனா. பேனா அசைந்தால் ஃபெயில். ஊர் அவருக்கு 'ஸ்பீடு பிரேக்கர்' என்று பெயர் வைத்திருந்தது. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். முடிவெட்டப் போனால் முன்னால் காத்திருக்கிறவர்கள், "நீங்க முதல்ல உக்காருங்க சார்" என்று எழுந்துவிடுவார்கள். மரியாதை என்று அவர் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஃபெயிலாகி இன்னும் சைக்கிளில் போகிறவர்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. அந்த ஊரில் குளிர்காலம் என்பது ஸ்வெட்டருக்கு வேலை கொடுக்கும் காலம், அவ்வளவுதான். பனி விழுவதெல்லாம் பள்ளிக்கூடச் சுவரில் மட்டும். வருடா வருடம் குளிர் தொடங்கியதும் வகுப்பில் 'குளிர்காலக் கணக்கு வாரம்' வரும். பஞ்சை உருட்டிப் பனிப்பந்து செய்து, இடுக்கியால் இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றிக் கூட்டுவார்கள். கொடியில் தொங்கும் காகிதக் கையுறைகளை இரண்டிரண்டாக எண்ணுவார்கள். நீல விரிப்பின்மேல் பென்குவின்களாக நின்று, டீச்சர் கைதட்டினால் மூன்று பேர் தண்ணீரில் குதிப்பார்கள்; மிச்சம் எத்தனை என்று கேட்டால், குதித்தவர்களும் தங்களைச் சேர்த்து எண்ணிக்கொள்வார்கள்.

வாரத்தின் கடைசி நாள் பனிமனிதன்.

இது தொடங்கியது கல்யாணமான முதல் குளிர்காலத்தில். ஒற்றை அறை வீடு, ஒரு கெட்டில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போர்வை என்று இருந்த நாள்கள். மனைவி அட்டையில் பனிமனிதன் வெட்டி, பட்டன்களின் முதுகில் துணியைப் பற்றிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை தைத்து எடுத்துப் போயிருந்தாள். அட்டையில் பட்டன் நிற்கவில்லை. ஒட்ட ஒட்ட விழுந்தது. பிள்ளைகளில் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுச் சாவியைக் கொடுக்க வாசலில் வந்து நின்றார் புது மாப்பிள்ளை. உடம்பில், மாமியார் பின்னிக் கொடுத்த வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர். அழுதுகொண்டிருந்தவள் நேராக அவரிடம் நடந்து வந்து, பட்டனை அவர் வயிற்றில் வைத்து அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது.

"ஆஹா!" என்றார் அவர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அவள் பட்டனைச் சர்ரென்று பிய்த்தாள். கம்பளியோடு கொஞ்சம் சதையும் இழுபட்டது. கூச்சம் வேறு.

"ஐயோ!"

வகுப்பே உருண்டு சிரித்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வகுப்பு முழுவதும் வரிசையில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் கூட்டலுக்குப் பெயர் ஆஹா, கழித்தலுக்குப் பெயர் ஐயோ. அவருக்குப் பெயர் பனி மாமா.

அப்போது வயிறு ஓர் ஆரம்பகட்டத் திட்டமாகத்தான் இருந்தது. வருடங்கள் போகப் போக, கல்விப் பணிக்குத் தேவையான பரப்பளவு தானாகவே வந்து சேர்ந்தது. ஸ்வெட்டரை மனைவி பக்கவாட்டில் பிரித்துப் பிரித்துக் கம்பளி சேர்த்துத் தைத்தாள். கடைசியில் முன்பக்கம் ஜிப் வைத்தாள். அவரும் ஒவ்வொரு வருடமும் தவறாமல் புலம்பினார். "நான் ஒரு கெஜட் அதிகாரி. என்னைக் கொண்டுபோய்க் குழந்தைங்க நடுவுல பொம்மை மாதிரி நிக்க வைக்கிறியே, இது உனக்கே நல்லா இருக்கா?" என்பார். கெஜட்டில் அவர் பெயர் வந்ததில்லை. ஆனால் புலம்பும்போது அந்தப் பதவி தேவைப்பட்டது.

இந்த வருடம் குளிர் தொடங்கிய ஒரு காலையில், ஓர் இளம்பெண் தேர்வுக்கு வந்தாள். இடது திருப்பம் ஒழுங்காக எடுத்தாள். வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது ஆரஞ்சுக் கூம்பைத் தட்டிவிட்டாள். அதிகாரியின் வாயிலிருந்து அவரை அறியாமல் வந்துவிட்டது: "ஐயோ!"

அவள் பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பினாள்.

"சார், நீங்க பனி மாமாதானே?"

"முன்னாடி பாரும்மா."

"முன்னாடிதான் சார் பாக்கறேன். அதே ஐயோ! நான்தான் சார் உங்க கழுத்துக்குக் கீழ இருக்கிற முதல் பட்டன பிய்ப்பேன். எட்டாதுன்னு டீச்சர் ஸ்டூல் போடுவாங்க. ஞாபகம் இல்ல?"

"வண்டியை ஓரமா நிறுத்து."

ஃபெயில் போட்டார். பனிமனிதனைத் தெரியும் என்பதற்காகக் கூம்பு எழுந்து நின்றுவிடாது. ஆனால் அவள், "பரவால்ல பனி மாமா, அடுத்த தடவை வரேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவரிடம் ஃபெயிலாகிச் சிரித்துக்கொண்டு போன முதல் ஆள் அவள்தான். அன்று முழுவதும் அதிகாரியின் மீசைக்குக் கீழே ஏதோ நடந்துகொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த எழுத்தர், பல்வலி என்று நினைத்து மாத்திரை நீட்டினார்.

இதை மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வேகமாக வந்தார். சாப்பாட்டு மேசையில் கையுறை வெட்டிக்கொண்டிருந்தவள் முந்திக்கொண்டாள்.

"என்னங்க, ஒரு நல்ல சேதி. இந்த வருஷம் உங்களுக்கு விடுதலை."

"எதுலேர்ந்து?"

"பனிமனிதன்லேர்ந்துதான். புது பிரின்சிபால் காத்தடிக்கிற பொம்மை வாங்கிட்டார். உங்க உசரத்துக்கு இருக்கு. வயித்துல துணி வச்சிருக்கு, அதுலயே பட்டன் ஒட்டலாமாம்."

அதிகாரி செருப்பைக் கழற்றுவதில் அதிகக் கவனம் செலுத்தினார்.

"ஏன் திடீர்னு?"

"ஒண்ணாம் வகுப்பு டீச்சருங்க புகாராம். நம்ம பிள்ளைங்க அங்க போயி, 'எட்டு ஐயோ மூணு எவ்வளவு மிஸ்?'னு கேக்குதாம். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரியம்மா முன்னாடியே ஒரு பையன் பலகையைப் பாத்து ஐயோ ஐயோன்னு கத்தியிருக்கான். யாரோ விழுந்துட்டாங்கன்னு அந்த அம்மா ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்தாங்களாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நானும் அவர்கிட்ட சொன்னேன், எங்க வீட்டுக்காரருக்கும் வெக்கமா இருக்கு, வருஷா வருஷம் புலம்புறார், விட்டா சந்தோஷப்படுவார்னு. சந்தோஷம்தானே?"

"அப்பாடா" என்றார் அவர். ஒரு கெஜட் அதிகாரி வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பனிமனிதன் நாள் வந்தது. அதிகாரி அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம்: குடும்ப அவசரம். அலுவலகம் கலங்கியது, தேர்வுக்கு வந்திருந்தவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் பள்ளிக்குப் போனது, மனைவி மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க. அதை அவள் மறக்கும்படி, காலையில் எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டவரும் அவரே. இன்னொரு கையில் துணிப்பை. வாசலில் ஆயா பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பனியை மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டீங்களா சார்?"

"கண்ணாடி குடுக்க வந்தேன்."

"அதான பாத்தேன். கண்ணாடி நல்லாத்தான் உப்பியிருக்கு."

வகுப்பின் கதவோரம் போய் நின்றார். உள்ளே புதிய முதல்வர் பெற்றோர் சிலருக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தார். இளைஞர், பயிற்சி முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தவரைப் போலப் பேசினார். "உணர்ச்சிக் கலப்பில்லாத, தூய எண் அனுபவத்தை நோக்கிய நம் பயணத்தில்..." என்றார். ஒரு தாய், பயணம் என்றதும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல்வருக்குப் பக்கத்தில் நின்றது அந்தப் பொம்மை. வெள்ளை வெளேரென்று, சுருக்கமில்லாமல், மாறாத சிரிப்போடு. அதிகாரி அதை, பக்கத்து வீதியில் குடிவந்த போட்டியாளரைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். மீசை இல்லை. அதில் ஒரு திருப்தி.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டுப் பட்டன் ஒட்டினார்கள். மூன்றை எடுத்தார்கள். "எட்டு கழித்தல் மூன்று, ஐந்து" என்று சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. பொம்மை எதுவும் சொல்லவில்லை. அது வெடிக்கும் என்று அதிகாரி மனதார நம்பிக் காத்திருந்தார். நல்ல ரப்பர்; வெடிக்கவில்லை.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள். மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

"யாரது? நீங்களா? ஆபீஸ் போகல?"

"கண்ணாடிய மறந்துட்டே."

அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். போட்ட கண்ணாடியில் முதலில் தெரிந்தது பை. பையின் வாயில் எட்டிப் பார்த்த வெள்ளைக் கம்பளி.

"பையில என்ன?"

"மத்தியானச் சாப்பாடு."

"சாப்பாட்டுல எப்பலேர்ந்து ஜிப் வைக்கிறாங்க?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த காகிதப் பனியை ஆராய்ந்தார்.

"அன்னிக்கு அப்பாடான்னீங்களே?"

"சொன்னேன்."

"அப்ப வருஷா வருஷம் புலம்பினது?"

"அது சும்மா. புலம்பலேன்னா நானா ஆசைப்பட்டு வரேன்னு நினைப்பே." கொஞ்சம் நிறுத்தினார். "என்னைப் பாத்தா ரோட்டுல ஜனங்க ஒதுங்கிப் போறாங்கம்மா. இங்கதான் ஓடி வராங்க."

மனைவி பையிலிருந்து ஸ்வெட்டரை உருவி அவர் கையில் திணித்தாள்.

"இத்தனை வருஷமா இதைச் சொல்லாம வாய்க்கு என்ன, பூட்டா போட்டிருந்தீங்க? போங்க. இடைவேளை முடியறதுக்குள்ள மாட்டிக்கிட்டு வாங்க. பாடம் இல்ல, சும்மா ஒரு விளையாட்டு. ஆயாம்மா, ஊக்கு இருக்கா? ஜிப் மேல ஏறாது."

ஏறவில்லை. ஆயா ஊக்குகளால் அவரை ஒருவழியாகப் பூட்டினாள். "போன வருஷத்தைவிட நல்லாவே பனி பெஞ்சிருக்கு சார்" என்றாள்.

முற்றத்தில் வந்து நின்றார். இந்த வருடப் பிள்ளைகள் அவரைப் பார்த்ததே இல்லை. ஓட்டம் நின்றது. டீக்கடையில் விழும் அதே மௌனம். வெள்ளைக் கம்பளிக்குள் ஒரு பெரிய மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் யாரோ பேனாவோடு உட்கார்ந்திருப்பதுபோல.

மனைவி ஒரு பட்டனை ஒரு வாண்டுப் பயலின் கையில் கொடுத்தாள். அவன் மெல்ல வந்தான். வயிற்றில் வைத்து அழுத்தினான்.

"ஆஹா!"

பயல் பின்வாங்கினான். பிறகு, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பிய்த்தான்.

"ஐயோ!"

அவ்வளவுதான். முற்றம் மொத்தமும் அவர்மேல் வந்து விழுந்தது. ஒட்டினார்கள், பிய்த்தார்கள், ஒருவன் காலைப் பிடித்துத் தொங்கினான், ஒருத்தி முதுகிலும் ஒட்டினாள். ஆஹாவும் ஐயோவும் ஒன்றையொன்று முந்திக்கொண்டன. கூச்சத்தில் அவர் நெளிய நெளிய ஊக்குகள் தெறித்தன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய அந்தக் கைக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டுக்காரி அப்படியே இருந்தாள். கண்ணாடி மட்டும்தான் புதிது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு இன்னும் பலமாக ஐயோ என்றார்.

சத்தம் கேட்டு முதல்வர் வெளியே வந்தார். பெற்றோரும் பின்னால் வந்தார்கள். முதல்வர் நிதானம் இழக்கவில்லை. தூய எண் அனுபவத்தின் உறுதியை நிரூபிக்க இதுவே சந்தர்ப்பம் என்று கண்டுகொண்டார். சற்று முன் வகுப்பில் பளிச்சென்று பதில் சொன்ன அதே வாண்டைக் கூப்பிட்டார்.

"தம்பி, எட்டுலேர்ந்து மூணு போனா மிச்சம் எவ்வளவு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

பயல் முதல்வரைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பனி மாமாவைப் பார்த்தான்.

"மூணோட எதுக்கு சார் நிறுத்தணும்?" என்றான். "எல்லாத்தையும் பிச்சிடலாம். ஒண்ணும் மிச்சமில்ல."

மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

திங்கட்கிழமை கழித்தல் பாடம் முதலிலிருந்து தொடங்கியது.