சந்தனமாரியின் குரல் நரம்பு

சந்தனமாரி வாயைத் திறந்தால் குற்றாலத்துப் பேரருவியே கொஞ்சம் ஒதுங்கித்தான் விழும். கீழப்பாவூர் வயல்களில் அவள் குலவை போடாமல் நாற்று சேற்றில் இறங்காது. அந்தக் குரலோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் பலவேசம். போன ஆடியில் பண்பொழித் திருமலைக்கு ஏறியவர், முருகனிடம் ரகசியமாக வேண்டிக்கொண்டார்: "இவ வாய் ஒரே ஒரு நாள் அடைஞ்சிட்டா, குடுமிய எடுத்து மொட்டை போடுதேன்." மனுஷன் கேட்கிற வரமா இது!

தை பிறந்ததும் அவள் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கழலை. மூச்சு முட்டியது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் தென்காசி டாக்டர் காந்திமதிநாதன். ஒரு காகிதத்தில் படமும் போட்டுக் காட்டினார்.

"குரலை ஆட்டிவைக்குத நரம்பு தலையில இருந்து புறப்படுது. தொண்டையில நிக்காம நெஞ்சுக்கு இறங்கி, அங்கன பெரிய ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டு, மறுபடி மேல ஏறித் தொண்டைக்கு வருது."

"தென்காசியில இருந்து குத்தாலம் போக, கடையம் போயிச் சுத்துத மாதிரியில்லா இருக்கு!" என்றார் பலவேசம்.

"அதேதான். திரும்பி வார அந்த நரம்பு கழலைக்குப் பின்னால ஒட்டிக் கெடக்கு. கத்தி பட்டா குரல் போச்சு. அதனால மயக்கம் குடுக்க மாட்டேன், கழுத்து மட்டும் மரத்துப்போக ஊசி போடுவேன். நான் அறுக்க அறுக்க அவங்க பேசிக்கிட்டே இருக்கணும். குரல் மாறினா உடனே கைய எடுத்துருவேன்."

"பேசுததுக்கு இவள விட்டா ஆளு யாரு அய்யா!"

ஆனால் பாருங்கள், மேஜையில் படுத்ததும் மகராசி வாயே திறக்கவில்லை. அந்நிய ஆண்பிள்ளை முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னத்தைப் பேச? டாக்டர் கெஞ்சினார், நர்ஸ் நூர்நிஷா கெஞ்சினாள், 'ம்' கூட வரவில்லை. கடைசியில் பலவேசத்தின் மூக்கிலும் வாயிலும் ஆஸ்பத்திரித் துணியைக் கட்டி உள்ளே விட்டார்கள்.

அவருக்கா வழி தெரியாது? "ஏட்டி, உங்க அண்ணன் கொண்டாந்த பலாப்பழம் ஒண்ணுகூடத் தேறலயே."

பற்றிக்கொண்டது. "எங்க அண்ணனையா சொல்லுதீய? உங்க அக்கா சீராக் கொண்டாந்த ஓட்டை அண்டாவ நான் என்னைக்காவது சொன்னேனா?" டாக்டர் சந்தோஷமாக அறுத்தார். ஏச்சில் அக்கா முடிந்து சித்தப்பா வந்தார். "உங்க சித்தி மட்டும் என்ன..." என்று தொடங்கிய இடத்தில் குரல் உடைந்தது. உதடு அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

"இடுக்கி நரம்ப அழுத்துது, எடு!" என்று கத்தினார் டாக்டர்.

பலவேசம் தலைக்கு மேல் கை கூப்பினார். "அய்யோ முருகா, வேண்டாம்! புத்தி கெட்டுப்போயிக் கேட்டேன். அவ வாய் அடைய வேண்டாம்! குரலத் திருப்பிக் குடு, மொட்டை போடுதேன்!" அழுதேவிட்டார்.

மேஜையிலிருந்து முதலில் ஒரு கரகரப்பு. பிறகு கணீரென்று, "என்னது? என் வாய் அடையவா வேண்டுனீய?"

"நரம்பு பிழைச்சுது" என்றார் டாக்டர். பலவேசம் பிழைப்பாரா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாசம் கழித்துத் திருமலை அடிவாரத்தில் பலவேசம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "காதுக்குப் பின்னால விட்டுட்டீரு பாரும்!" என்று நாவிதரை விரட்டிக்கொண்டிருந்தாள் சந்தனமாரி. திடீரென்று குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நெசமாவே அழுதீயளோ?" என்றாள்.

"ஆமாட்டி. பயந்துட்டேன்."

நாவிதர் மறுகாதுக்குப் பின்னாலும் மயிரை விட்டுவிட்டார்; அவள் விரட்டவில்லை. பலவேசம் பாதி மழித்த தலையோடு திரும்பிப் பார்த்து, "ஏட்டி, என்னமாச்சும் ஏசுட்டி" என்றார்.