கிழக்குப் பக்கத் தகரம்

தகரம் அடிக்கத் தச்சுவேலை ஓடாவி எதற்கு, நானே அடித்துவிடுவேன் என்று வாய்வீச்சு வீசியவன் நான்தான். ஓடாவி கிடைத்தால்தானே! ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு சாய்ந்தமருதில் இருந்த ஓடாவிமார் எல்லோரும் பணக்காரர் வீட்டுக் கூரைகளில் ஏறி இருந்தார்கள். என் தங்கச்சி சுபைறாவின் வீட்டில் கூரையும் கப்புத் தூண்களும் மட்டும் நின்றன. சுவர் நாலும் கரைந்து முற்றத்தில் சேறாகக் கிடந்தன. அவளுடைய சீதன வீடு அது. மூன்று வருடம் கடலுக்குப் போய்ச் சம்பாதித்து நான் கட்டியது. களிமண் குழைத்துப் பூசியதும் இந்தக் கைதான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

வெள்ளத்தைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். உள்ளுக்குள் திட்டியதெல்லாம் என்னைத்தான்.

வெள்ளத்துக்கு நாலு நாள் முந்தி நானும் சுபைறாவின் மாப்பிள்ளை கலந்தரும் தோணியில் போனோம். காற்று மாறியது. ஒரு அலை தோணியைப் புரட்டியதுவரை எனக்கு நினைவிருக்கிறது. பிறகு துடுப்பைக் கட்டிப்பிடித்தபடி கோமாரிக் கரையில் கிடந்தேன். காய்ச்சலில் அங்கேயே படுத்துவிட்டேன். வெள்ளத்தில் பாதையும் அறுந்துபோக, ஊர் வந்துசேர மூன்று கிழமை ஆயிற்று. கலந்தர் வரவில்லை. அவன் கடலில் தாழ்ந்தானா, எங்காவது கரையொதுங்கினானா, எனக்குத் தெரியாது. அலைக்குப் பிறகு அவனை நான் காணவே இல்லை.

வந்த அன்றே பள்ளிவாசல் லெப்பை மீராமுகைதீன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மையித்தும் கரைக்கு வரல்ல, கண்ட சாட்சியுமில்ல எண்டா, அந்தப் புள்ள வருசக்கணக்கா காத்துக் கிடக்கவேண்டியதுதான். மறு கலியாணம் ஏலாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி முனாப், அவன் தாழுறத நீ கண்டியா?"

உம்மா என் முகத்தையே பார்த்தாள். எங்கள் வாப்பா இறந்துபோனபோது உம்மாவுக்கு இருபத்தைந்து வயது. அவள் பட்ட பாட்டையெல்லாம் கூட இருந்து பார்த்தவன் நான். சுபைறாவுக்கு இப்போதுதான் இருபது.

"கண்டன்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு கலந்தர் மவுத்தானான். இனி சுபைறா நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருக்கவேண்டும். சுவரில்லாத வீட்டில் எப்படி இருப்பது?

"நாளைக்கே அடைச்சுப்போடு மனே. நாலு பக்கமும் வெட்ட வெளியா கிடக்கு" என்றாள் உம்மா.

கல்முனை ரோட்டு வேலைக் கந்தோரில் ஓவசியராக இருந்த கனகரெத்தினம் நல்ல மனிதர். வெறும் தார்ப் பீப்பாய்கள் கொஞ்சம் தந்து, புத்தியும் சொல்லி அனுப்பினார்.

"கீழயிருந்து மேல போ தம்பி. மேல் தகரம் கீழ்த் தகரத்துக்கு வெளியால ஏறி வரவேணும். ஆணிய இறுக்கி அடிக்காத, வெயிலுக்குத் தகரம் விரியும்."

ஓமோம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பீப்பாயின் அடியையும் மூடியையும் உளியால் வெட்டி எடுத்து, பக்கத்தைப் பிளந்து, மணலில் போட்டு அடித்து அடித்துத் தட்டையாக்கினேன். கைகளெல்லாம் தார். பழைய சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி ஒவ்வொரு ஆணியிலும் கோத்தேன், ஓட்டை வழியே மழை இறங்காமலிருக்க. இவ்வளவும் செய்துவிட்டு, மேற்குப் பக்கத்தை மேலேயிருந்து கீழே அடித்தேன். அவர் சொன்னதை மறந்துபோன மடையன்!

சுபைறா வந்து அண்ணனின் வேலையை நின்று பார்த்தாள்.

"மழத்தண்ணி உள்ளுக்கு வர வாய்க்கால் வெட்டுறீங்களா காக்கா?"

நான் ஊர் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். ஒரு தகரத்தின் விளிம்புக்குள் மற்றது போய், மழையெல்லாம் நேரே வீட்டுக்குள் வரும்படி அடித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டாம் தரம் ஆணியை இறுக்கிவிட்டேன். மத்தியான வெயிலில் தகரம் புடைத்து டமார் டமாரென்று வெடித்தது. மறுபடியும் கழற்றினேன். மேற்கு, தெற்கு, வடக்கு என்று மூன்று பக்கமும் முடிய எட்டு நாள் போயிற்று.

மிச்சமிருந்தது கிழக்கு, கடல் பக்கம். அந்தத் திறப்பில் பாய் போட்டுத்தான் சுபைறா பகல் முழுக்க இருந்தாள். அழவில்லை. கடலையே பார்த்தாள்.

"இந்தப் பக்கம் அடைக்க வேணாம்" என்றாள்.

"ஆம்புளயள் போய் வாற பாத புள்ள. அடைக்காம ஏலுமா?"

"நான் இத்தா இருக்கல்ல. மவுத்தானவருக்குத்தானே இத்தா."

உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "உன்ட காக்கா கண்ணால கண்டு சாட்சி சொன்னவன். இன்னம் என்னடி வேணும் உனக்கு?"

"காக்காவயும் மவுத்து எண்டுதான் சொன்னீங்க. மவுத்துக்கு ஓதுற கத்தமும் ஓதினீங்க. இந்தா வந்து நிக்கல்லியா?"

சுபைறா என் பக்கம் திரும்பினாள்.

"சாட்சி சாட்சி எண்டுறீங்க. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. தாழக்குள்ள அவர் என்ன செஞ்சார் காக்கா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவள் இந்தத் திறப்பிலேயே இருந்து கிழவியாகிவிடுவாள் என்று பயந்தேன். பொய்ச் சாட்சிக்காரன் என்று ஊர் காறித் துப்புமே என்றும் பயந்தேன். அதையும் மறைக்கக் கூடாது.

"கைய உயத்தினான் புள்ள. உன்ட பேரச் சொன்னான்."

"என்னெண்டு?"

"சுபைறா எண்டு."

அவள் என்னையே பார்த்தாள். பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு வருசமா அவர் ஒருநாளும் என்ட பேரச் சொன்னதில்ல" என்றாள். "'இஞ்சேரு' எண்டுதான் கூப்புடுவார். அவ்வளவு வெக்கம். ஒருக்காச் சொல்லுங்களன் எண்டு எத்தின தரம் கேட்டிருப்பன்! சிரிச்சிப்போட்டுப் போயிருவார்."

கலியாணம் முடிக்காதவன் நான், எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எந்த மாப்பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடுவான் என்று நினைத்துச் சொன்னது.

"அந்த வெக்கத்தயும் உட்டுப்போட்டுக் கூப்பிட்டிருக்காரே" என்றாள். "அப்ப அவருக்கு விளங்கியிருக்கு, இனி வாறல்ல எண்டு."

பிறகுதான் அழுதாள். என்ட றப்பே, அந்த அழுகையை நான் எப்படிச் சொல்வேன்! உம்மா கட்டிப்பிடித்தும் அடங்கவில்லை. நான் தாரும் மண்ணுமான கையோடு அப்படியே நின்றேன்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "சுத்தியலத் தாங்க காக்கா."

"நான் அடிக்கிறன் புள்ள."

"அவருக்கு நான்தான் அடைக்கணும்."

நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் கீழேயிருந்து மேலே, ஆணியை இறுக்காமல், ஒவ்வொன்றாக அடித்தாள். ஒருதரம் விரலில் பட்டு இரத்தம் வந்தது. என்னைத் தொடவிடவில்லை. கடைசித் தகரத்தை அடித்ததும் கடலைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைச் சுற்றிப் போய் மேற்கு வாசலால் உள்ளே நுழைந்தாள். உம்மா வெள்ளைச் சீலை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இத்தா தொடங்கி இன்றைக்கு ஐம்பதாம் நாள். ஊரில் கலந்தருக்காக இன்னும் காத்திருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கரைக்குப் போய் நிற்கிறேன். தெரியாத தோணி ஒன்று இந்தப் பக்கம் திரும்பினால், அவனாக இருக்கவேண்டுமே என்றும் இருக்கிறது, இருந்துவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கிழக்குப் பக்கம் போய்த் தகரத்தோடு சாய்ந்து குந்தியிருப்பேன். அவளுக்கு என் செருமல் கேட்டால் போதும்.

"காக்கா, அவர் எப்புடிக் கூப்பிட்டார்? ஒருக்காச் சொல்லிக் காட்டுங்களன்."

ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கலந்தருடைய குரல் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, "சுபைறா" என்று கூப்பிடுகிறேன்.

"அவ்வளவு சத்தமாவா?"

"ஓம் புள்ள, சத்தமாத்தான்" என்கிறேன்.