வாசலில்லாக் கோபுரத்தின் காவலர்

நாலு தெருவும் எட்டுச் சந்தும் கொண்ட ஊர்தான். சுற்றி நிற்கும் மதிலைப் பார்த்தால் உள்ளே ஒரு சாம்ராஜ்யமே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஊர் நடுவே ஒரு காவல் கோபுரம். ஏழு ஆள் உயரம், முழுக்கக் கருங்கல். வாசலும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. ஒரு காலத்தில் எதிரிப்படை வந்து ஊரையே பிடித்துவிட்டதாம். கோபுரத்தை மட்டும் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் சுற்றிச் சுற்றி வாசலைத் தேடியவர்கள், தலைசுற்றித் திரும்பிப் போனார்கள் என்கிறது ஊர் வரலாறு.

அந்தக் கோபுரத்துக்கு ஒரு காவலர் இருந்தார். மாமனார் பார்த்த வேலை அது. மகளையும் வேலையையும் சேர்த்தே கொடுத்தார். மதிலை ஒட்டிய ஓட்டு வீடு வேலையோடு வந்தது. தினமும் காலையில் காவலர் கோபுரத்தை ஒருமுறை சுற்றி வந்து, பதிவேட்டில் "உள்ளே எல்லாம் சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மனிதர் தங்கம், யோசிக்கிற பழக்கம்தான் இல்லை.

கேட்பதற்கென்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து இறங்கினார்.

"உள்ளே என்னங்க இருக்கு?"

"எல்லாம் இருக்குங்க, மேடம்."

"எல்லாம்னா?"

காவலர் கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "எப்பவும் இருக்கிறதுதாங்க."

"நாளைக்குத் துளை போட்டுப் பார்த்துடுவோம். உள்ளே ஏதாவது இருந்தா உங்க வேலை இருக்கும். இல்லேன்னா எடுத்துடணும். தப்பா நினைக்காதீங்க."

வீட்டில் சொன்னதும் மனைவி கரண்டியை நங்கென்று வைத்தாள். "வேலை போனா வீடும் போயிடுமே! இப்பத்தானே அடுப்படியில அலமாரி அடிச்சோம்? எங்கப்பா முப்பது வருஷம் காத்தாரு. ஒண்ணுமில்லாததையா காத்திருப்பாரு?"

"உங்கப்பா நாற்காலியில உட்கார்ந்து தூங்கினதைத்தான் நான் பார்த்திருக்கேன்."

"தூங்கினா என்ன? ஒரு சாமான் காணாமப் போச்சா?"

அவர் எழுந்துபோய்ப் புது அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஊரே திரண்டது. உள்ளே தங்கம் என்றார் தையல்காரர். பீரங்கி என்றார் முடிதிருத்துபவர். துளைபோடும் இயந்திரம் காது கிழியக் கத்தியது. ஒரு முழம் போனது, கல். ஐந்து முழம் போனது, அப்போதும் கல். மதியம் அதன் முனை மறுபக்கம் வந்து தையல்கடையை எட்டிப் பார்த்தது. உள்ளே என்று ஒன்று இல்லவே இல்லை. எதிரி எக்காரணம் கொண்டும் உள்ளே நுழையக் கூடாது என்று அன்றைய தளபதி உத்தரவு போட, கொத்தனார்கள் இண்டு இடுக்கு விடாமல் கல்லை வைத்து அடைத்துவிட்டார்கள். தளபதி எப்படி நுழைவார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தளபதிக்கும் தோன்றவில்லை.

காவலருக்கு அழுகையே வந்துவிட்டது. பொறியாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தபடி படிவத்தை எடுத்தார். அப்போது மனைவி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், இந்த ஓட்டையைப் போட்டது யாரு?"

"நான்தான்... ஏன்?"

"எதிரியே தொடாத கட்டடம். இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியுது. மேலிடத்துல கேட்டா என்ன சொல்வீங்க?"

பொறியாளரின் பேனா நின்றது. கோபுரத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், கடைசியில் மடமடவென்று எழுதினார்: "கோபுரத்துக்கு வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. அகலம் இரண்டு அங்குலம். இருபுறமும் திறந்திருப்பதால் காவலுக்கு இருவர் தேவை."

"இன்னொருத்தருக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

"எங்கேயும் போக வேணாம், இங்கேயே இருக்கேன்" என்றாள் மனைவி.

அடுத்த நாளிலிருந்து காவலர் நிஜமாகவே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. ஓட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.