மன்னிப்புக் காட்சி

23-11-1987, திங்கள். நேற்று பல்லாவரம் மேடையில், நாடகம் முடியும் தறுவாயில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். மழை ஈரத்தில் ஒட்டிக்கொண்டன என்பது வெறும் சமாதானம். விரலைப் பார்த்துப் புரட்டியிருக்க வேண்டும்.

ஞானஜோதி டைரியில் அதற்கு மேல் எழுதவில்லை. சின்னப் பிசகுதான் என்று அப்போது நினைத்தாள்.

செம்பாக்கம் புதுநாடகக் குழுவுக்கு ஒரு கொள்கை உண்டு. பழைய நாடகத்தைத் தொடுவதில்லை. வருஷத்துக்கு ஒன்று அரிகிருஷ்ணன் புதிதாக எழுதுவார். மூன்று மேடை ஏறியதும் அதை மூட்டை கட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மூன்றே மேடைக்காக யார் வசனத்தை உருப்போடுவார்கள்? தட்டியின் மறைவில் நின்று ஒருவர் படிக்க, அதைக் கேட்டுக் கேட்டு நடிப்பதே அங்கே வழக்கம். கோடம்பாக்கத்திலிருந்து சம்பளத்துக்கு வரும் நடிகை வேதா ஒத்திகைக்கே இரண்டு நாள்தான் எட்டிப் பார்ப்பாள். மேடையில் தன் மூளை தட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று சிரிப்பாள். மூன்று வருஷமாக அந்த மூளை ஜோதிதான். பகலில் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை, மாலையில் தாம்பரத்தில் சுருக்கெழுத்து வகுப்பு, அது முடிந்தால் ஒத்திகைக் கொட்டகை. தன்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பொறுப்பு அது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. என்றைக்காவது சொதப்பிவிடுவோம் என்று அதைவிடப் பெரிய பயம்.

ஞாயிற்றுக்கிழமை அது நடந்தேவிட்டது. குடும்பத்தைவிட்டு ஓடிய கணவனாக வந்த வில்பிரட் வாசலில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். மனைவி நீளமாகப் பேசி, அழுது, அவரைத் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு இருவரும் மகளின் கல்யாணத்துக்குப் புறப்பட வேண்டும். புரண்ட பக்கத்தில் ஜோதியின் கண்ணில் பட்டது, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும் என்ற குறிப்பு. அதையே படித்தாள். வேதா பெட்டியோடு போய்விட்டாள். பெட்டி போனால் திரை என்று பழகியிருந்த துளசிங்கம் கயிற்றை இழுத்துவிட்டார். கூட்டம் அதுதான் முடிவு என்று கை தட்டியது. மண்டியிட்டபடியே மாட்டிக்கொண்ட வில்பிரட், எழுந்திரு என்று சொல்ல ஆளில்லாமல் தன் முட்டி போனதாக ஜோதியைக் கேலி செய்தார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து இறங்கியபோது மாடிப்படிக்குக் கீழே அரிகிருஷ்ணன் நின்றிருந்தார். முகம் மழிக்கவில்லை.

"கங்கை வீட்டுக்கு வரலம்மா. நாடகம் முடிஞ்சதும் நேரா கீழ்க்கட்டளை, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. கூப்பிடப் போனேன், கதவையே திறக்கல."

அவர் மனைவி கங்கையம்மாள்தான் குழுவுக்கு நிழல். குடியிருக்கும் வீடும், ஒத்திகை நடக்கும் கொட்டகையும் அவளுக்கு அப்பா வைத்துவிட்டுப் போனவை. கொட்டகை முன்பு அறுவடை நெல்லை அடுக்கிய இடம். அவள் வராவிட்டால் குழுவே இல்லை என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"முடிவைத் தப்பாப் புரிஞ்சுகிட்டா. ஒரிஜினல்ல மன்னிப்பு இருக்குன்னு நீ போய்ச் சொல்லு. தப்பு உன்னுதுதானே?"

தன்னுடையதுதான் என்று ஜோதி ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு நாடகத்தின் முடிவுக்காக யாராவது வீட்டைவிட்டுப் போவார்களா? ரயிலடியில் வில்பிரட்டைப் பார்த்தபோது கேட்டேவிட்டாள். அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"நிஜமாவே உனக்குத் தெரியாதா? குரோம்பேட்டை பக்கம் அஸ்தினாபுரத்துல சாருக்கு இன்னொரு குடும்பம் இருக்கும்மா. ரெண்டு பசங்க. ரொம்ப வருஷமா."

மின்சார ரயில் ஒன்று வந்து, நின்று, போனது; ஜோதி ஏறவில்லை. அரிகிருஷ்ணன் எழுதியவை எட்டு நாடகங்கள். அவற்றில் மூன்றைத் தன் கையால் படியெடுத்திருக்கிறாள். கணவன் ஒன்றில் வக்கீல், ஒன்றில் கப்பல்காரன், ஒன்றில் வைத்தியன். எல்லாவற்றிலும் வழி தவறினான்; எல்லாவற்றிலும் மனைவி மன்னித்தாள். அவள் சேர்ந்த புதிதில், இப்படி ஒரு மனைவியை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று அவரிடமே வியந்து கேட்டிருக்கிறாள். கங்கையம்மாள் அப்போது பக்கத்தில் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நினைத்ததும் ஜோதிக்குக் காது சுட்டது. குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டுக் கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினாள். சொல்ல வேண்டியதை வரிசையாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். கங்கையம்மாள் கதவைத் திறந்து, நனைந்த தலையைத் துவட்டத் துண்டு கொடுத்து, உட்காரச் சொன்னாள். அடுக்கியதெல்லாம் கலைந்துபோய், தாள்கள் ஒட்டிக்கொண்டதை மட்டும் ஜோதி திக்கித் திணறிச் சொன்னாள். நிஜ நாடகத்தில் மன்னிப்பு உண்டு என்றாள்.

"எனக்குத் தெரியாதா இன்னா?" என்றாள் கங்கையம்மாள். "நாப்பது நாளு என் கொட்டாயிலதானே கத்திகினு இருந்தீங்க? வேதாவுக்கு வராத வசனம்லாம் எனக்கு வரும்."

இந்த ஒன்றை ஜோதி யோசித்தே பார்க்கவில்லை. அரிகிருஷ்ணனும் யோசிக்கவில்லை.

"அந்த மன்னிப்புப் பேச்சு இப்ப வரும், அப்ப வரும்னு பார்த்துகினு குந்தியிருந்தேன். வரல. அவ பாட்டுக்குப் பொட்டியத் தூக்கினு போயிட்டா. ஜனங்க கை தட்டுது. அது இல்லாமலே கதை முடியுது பாரு." அவள் குரல் ஏறவே இல்லை. "வருஷா வருஷம் எவளோ ஒருத்தி எனக்குப் பதிலா மன்னிச்சுட்டுப் போறா. இவரு வூட்டுக்கு வந்து, நானே மன்னிச்சாப்ல, சோறு போடுன்னு குந்திக்கிறாரு. நான் எப்ப மன்னிச்சேன்? ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா ஜோதி?"

ஜோதிக்கு அழுகை வந்தது; அழ வேண்டியவள் தான் இல்லை என்று அடக்கிக்கொண்டாள். துண்டை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்கு எப்போது வருவீர்கள் அக்கா என்று மெல்லக் கேட்டாள்.

"வராம? என் வூடு அது. ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள அவரு துணிமணிய எடுத்துகினு அஸ்தினாபுரம் போயிடணும். கொட்டா தொறந்துதான் கெடக்கும், நீங்க நாடகம் போடுங்க. ஆனா அந்தப் பேச்சு என் கொட்டாயில இனிமே வேணாம். இத்த நீயே அவராண்ட சொல்லிடு. நான் சொன்னா, அதுக்கும் ஒரு வசனம் எழுதுவாரு."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஜோதி நின்றுகொண்டே வந்தாள். தாளைச் சரியாகப் புரட்டியிருந்தால் கங்கையம்மாள் அன்றும் வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டிருப்பாள். தன் பிசகுக்கு வருந்துவதா கூடாதா என்று பல்லாவரம் வரும்வரை அவளுக்குப் பிடிபடவில்லை. அரிகிருஷ்ணனிடம் சொல்ல வில்பிரட்டைத் துணைக்கு அழைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். வீட்டுக்கு வந்து ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் எழுதினாள்:

25-11-1987, புதன். கங்கையக்காவைப் பார்த்தேன். நாளை காலை அரிகிருஷ்ணன் சார் ஆபீசுக்குக் கிளம்பும் முன் செம்பாக்கம் போக வேண்டும். அக்கா சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டும். முதலில் வீட்டைப் பற்றி. பிறகு நாடகத்தைப் பற்றி.