லிஃப்ட் மெக்கானிக் பிடித்திருந்த கயிறு

லிஃப்ட் மெக்கானிக் தினமும் காலை ஆறு மணிக்கு எழுவான். பல் தேய்ப்பான், அடுப்பில் பால் வைப்பான், கட்டில் காலில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்து, கூரையோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவியைக் கீழே இறக்குவான். அவள் மூன்றாவது முறை கருவுற்ற நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஏற்றி இறக்குவதே அவன் தொழில் என்பதால் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முடிச்சை மட்டும் இரண்டு முறை சரிபார்ப்பான். அவன் அம்மாதான் தெருவுக்கே தீர்ப்புச் சொன்னாள். "பையன்தான். முதல் ரெண்டு பொண்ணுக்கும் இவ தரையிலதானே நடந்தா?" எதிர்வீட்டுத் தையல்காரி, "லேசா இருந்தா பொண்ணுதான்" என்றாள். தெரு இரண்டாகப் பிரிந்தது. இதுவும் பெண் என்றால் மருமகள் பிறந்த வீட்டுக்கே போகலாம், மகனுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று என்றும் அம்மா அறிவித்திருந்தாள்.

மருமகளுக்கு ஆய்வகத்தில் வேலை. குரோமோசோம்களின் படத்தைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து, அட்டையில் ஒட்டுவாள். ஐந்தாவது வாரம், கணவனின் ரத்தத்திலிருந்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து, மிதந்தபடியே வெட்டி, ஒவ்வொன்றாகக் கீழே போட்டு, மாமியாரை அட்டையில் வைக்கச் சொன்னாள். இருபத்திரண்டு ஜோடிகள் பொருந்தின. கடைசி ஜோடியில் ஒன்று நீளம், மற்றது நகத்துணுக்கு.

"அத்தை, என்கிட்ட ரெண்டுமே நீளம்தான். பையன் பொறக்கறதுக்கு வேணும்கிற இந்தக் குட்டி உங்க பையன்கிட்டதான் இருக்கு. ரெண்டுல எதை அனுப்புறாரோ அதுதான். என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

"இத்துனூண்டா?" அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பெருமூச்சு விட்டாள். துணுக்கு பறந்துவிட்டது.

குடும்பமே தவழ்ந்து தேடியது. பெண் குழந்தைகள் இருவரும் கட்டிலுக்கு அடியில், தையல்காரி துடைப்பத்தோடு, மேலிருந்து மருமகள், "சோபாவுக்குப் பின்னாடி பாருங்க" என்று வழிகாட்ட. கடைசியில் அது அம்மாவின் மூக்கு நுனியில் ஒட்டியிருந்தது. சிரித்த சிரிப்பில் மருமகள் நான்கு முறை கூரையில் முட்டிக்கொண்டாள். அம்மாவும் ஒரு சாண் எழும்பி, வெட்கப்பட்டு இறங்கினாள்.

"அப்போ உள்ள இருக்கறது இப்போ என்னடி?"

"இப்போதைக்கு ரெண்டு வழியும் திறந்திருக்கு அத்தை. ஆறு வாரம் வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் இந்தக் குட்டி இருந்தா ஒரு உத்தரவு போடும், ஒரு வழி வளரும், இன்னொண்ணு வாடிடும். உத்தரவு வரலேன்னா அந்த இன்னொண்ணு வளரும்."

ஏழாவது வாரம் வீடு முழுக்க ஒரு 'டிக்' கேட்டது. அது உத்தரவா, எதிர்வீட்டுத் தையல் மெஷினா என்று இன்றுவரை தகராறு. அம்மா திட்டுவதை நிறுத்தினாள். பார்த்து வைத்த வேறு பெண்ணின் வீட்டாரோடு பேசுவதை நிறுத்தவில்லை.

பிரசவம் ஒரு காலையில், அடுப்பில் பால் இருக்கும்போதே வந்தது. நர்ஸ் கட்டிலை நகர்த்தச் சொன்னாள், காற்றுக்கு ஜன்னலைத் திறந்தாள். கட்டில் காலிலிருந்து அவிழ்த்த கயிற்றை அவன் கையிலேயே பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டது. அம்மாவும் தையல்காரியும் பாதித் தெருவும் வாசலில் நின்று ஒரே குரலில், "என்ன குழந்தை?" என்றார்கள். ஒன்பது மாதம் முடிச்சைச் சரிபார்த்தவன், துணியை விலக்கிப் பார்க்க இரண்டு கைகளையும் நீட்டினான்.

குழந்தையின் எடையும் போய்விட்டதால் அவள் நிதானமாக ஜன்னல் வழியே வெளியேறினாள். "கயித்தைப் பிடிடா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது அம்மாதான். கயிற்றின் நுனி அவள் விரலை உரசிக்கொண்டு போனது.

அவன் என்ன பார்த்தான் என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. வேறு பெண் பேச்சும் எழவில்லை. குழந்தையை அம்மாவே குளிப்பாட்டினாள், அவளும் சொன்னதில்லை. இப்போது மூன்று பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். மாதம் ஒருமுறை மருமகள் தெருவுக்கு மேலாகக் கடந்துபோவாள். அன்று மொட்டைமாடிகளில் துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டுவார்கள். பிரசவத்தன்று வெளியேறிப் போகும்போது தெருவையே வாழ்த்தினாள் என்பாள் தையல்காரி. மாமியாரை மன்னித்தாள் என்பாள் நர்ஸ். ஜன்னலில் நின்றவன் அவன்தான். அவள் தலைகீழாகத் திரும்பி, சிரித்தபடி சொன்னது இவ்வளவுதான்:

"பார்த்தாச்சுல்ல? போங்க, பால் பொங்குது."