உப்பாத்துப்பாளையத்துக்குக் கடல் திரும்பிய விதம்

எருமப்பட்டிக்குத் தெற்கே உள்ள உப்பாத்துப்பாளையத்துக்குக் கடல் தினமும் இருமுறை வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்களுக்கு வராது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஓடை ஊருக்குக் கிழக்கே அகன்று பரவும் இடத்தில், பாறைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி வந்து ஓடைத் தண்ணீரோடு கலக்கும். சற்று நேரம் நின்றுவிட்டு வந்த வழியே இறங்கிவிடும். கடற்கரையைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலை பஸ் ஏறி மத்தியானம் இறங்க வேண்டிய ஊர் அது. ஆனாலும் அங்கே நண்டு இருந்தது, கிளிஞ்சல் இருந்தது, பருவத்தில் நாரைகள் வந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைக் கழிமுகம் என்று சரியான பெயரிலேயே சொன்னார்கள். பெரியவர்கள் உப்புக்குட்டை என்றார்கள். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அதில் குப்பை கொட்டியிருக்க மாட்டார்கள்.

கோழிப் பண்ணைகள் பெருகியபோது செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி அதில் போட்டார்கள். மரவள்ளி அரைக்கும் ஆலைகளின் கழிவு ஓடை வழியே வெள்ளையாக வந்து படிந்தது. இடித்த வீட்டு மண், லாரி டயர், கல்யாண மண்டபத்து எச்சில் இலை எல்லாம் போய்ச் சேர்ந்தன. கடல் முதலில் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டது. பிறகு அமாவாசைக்கு அமாவாசை வந்தது. பிறகு சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. அந்தக் கிளிஞ்சலை இடித்துத் தீவனத்தில் கலப்பது ஊர்ப் பண்ணைகளின் வழக்கம். கடல் நின்றதும் கோழிகள் ஓடில்லாத முட்டை இட ஆரம்பித்தன. வெளியூர்க் கிளிஞ்சலைப் போட்டும் பயனில்லை. டாக்டர்கள் ஊசி போட்டும் பயனில்லை. மெல்லிய தோலுக்குள் மஞ்சள் கரு ஆட, கையில் எடுத்தால் முட்டை நழுவியது. அட்டையில் அடுக்க முடியாத முட்டையை எந்த லாரியும் ஏற்றவில்லை.

கடல் போனதில் நன்மை அடைந்தவள் ஊரில் ஒருத்தி மட்டும்தான். குட்டையை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருந்த பொன்னாத்தாள். புருசன் இல்லை. மகன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். மாமனார் காலத்திலிருந்து அவள் கிணறு உப்பு. எதை நட்டாலும் நுனி கருகும். கடல் நின்ற வருசம் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி ஆனது. மரவள்ளி ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் இதை எவனாவது வந்து பிடுங்கிக்கொள்வான் என்றே அவளுக்குத் தோன்றியது. பண்ணை நடத்தும் மலர்விழி நாலைந்து பெண்களோடு வாசலில் வந்து நின்றபோது, நினைத்த ஆள் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டாள்.

"அத்தைங்க, ஞாயித்துக்கெழம எல்லாருஞ் சேந்து உப்புக்குட்டையத் தூர் வாரப் போறமுங்க. ஊட்டுக்கு ஒரு ஆளு. நீங்களும் வரோணும்."

"எதுக்கு அம்மிணி?"

"கடலு மறுக்கா வரட்டுமுன்னுதானுங்க."

"வந்தா ஆருக்கு லாபம்?"

"ஊருக்குத்தானுங்க."

ஊருக்கு என்று யாராவது சொன்னால் பொன்னாத்தாள் அவர்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பாள். மலர்விழியின் கையில் ஒன்றும் இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஞாயிறுதோறும் ஊர் திரண்டது. விசைத்தறி ஓட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், லீவில் வந்த ரிக் ஆட்கள், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் எல்லோரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். சாக்குகளை இழுத்துப் போட்டார்கள், கரையில் கோரை நட்டார்கள், ஆலைக் கழிவு வராதபடி ஓடையை மடை கட்டித் திருப்பினார்கள். பிறகு பாறையை நோக்கி வாய்க்கால் வெட்டினார்கள். பொன்னாத்தாள் மரவள்ளிக்குள் நின்று பார்த்தாள். உச்சி வெயிலில் ஊர் படுத்துக் கிடக்கும் நேரம் மம்பட்டியோடு போய், வெட்டிய வாய்க்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு ஊர் பார்த்தது. கடல் தானாக மண் அள்ளிப் போடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலைக்காரர்கள் ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்றார்கள். வாடகைக்கு வந்த ஜேசிபியை ஓட்டுகிறவன்தான் வேலையை இழுக்கிறான் என்றார்கள். பனைமரத்தில் கேமரா மாட்டினார்கள். கேமராப் படத்தில் எந்நேரமும் மழை பெய்துகொண்டிருந்தது, வெளியே நல்ல வெயில். டீக்கடையில் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்தார்கள். சம்பந்தம் பேசியிருந்த இரண்டு குடும்பங்கள் தட்டை மாற்றாமல் எழுந்து போயின. கடைசியில், மரவள்ளிக்காடு பக்கத்தில் இருக்கிறது என்று பொன்னாத்தாளையே வாய்க்காலுக்குக் காவல் வைத்தார்கள். என்னவோ தெரிந்துகொண்டுதான் வைக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

பழி சின்னண்ணன் மேல் விழுந்தது. நண்டு பிடித்துப் பிழைத்தவன். கடல் நின்ற பிறகு பண்ணையில் கோழிக்கூண்டு கழுவினான். கடல் வருகிறதா என்று பார்க்க நாள் தவறாமல் கூடையோடு குட்டைக்குப் போவான். அவன் கால்களில் புது மண் ஒட்டியிருந்ததை ஊர் பார்த்தது. மலர்விழி பொன்னாத்தாளிடம் வந்து கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களாங்க அத்தை? அவனா?"

பொன்னாத்தாள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கால்ல மண்ணு இருந்துச்சல்லோ" என்றாள். மறுநாள் சின்னண்ணனுக்குப் பண்ணையில் வேலை இல்லை. கடையில் சாமான் இல்லை என்றார்கள்.

அந்த வாரம் கடல் வந்தது. வாய்க்காலுக்கு வரவில்லை, பொன்னாத்தாளின் கிணற்றுக்கு வந்தது. காலையில் எட்டிப் பார்த்தபோது தண்ணீர் மேல் படி வரை ஏறியிருந்தது. படியில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. அள்ளி வாயில் வைத்தாள். உப்பு. இத்தனை நாள் ஊர் தோண்டியதெல்லாம் தன் கிணற்றைப் பிடிக்கத்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. கிணறு சின்னது, களத்தில் கிடந்த கல்பலகையைக் கடப்பாரையால் நெம்பி நெம்பித் தள்ளி வாயை மூடினாள். கடல் ஏறியதும் பலகை உலைமூடி மாதிரி தூக்கிக்கொண்டது. ஏறி மேலே உட்கார்ந்தாள். கடல் அவளையும் பலகையோடு சேர்த்து ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி, சற்று நேரம் வைத்திருந்து, நோகாமல் இறக்கியது. மாலையிலும் அப்படியே செய்தது. யாரிடமும் சொல்லாமல் அவள் நாள் முழுக்கப் பலகை மேலேயே இருந்தாள். கஞ்சியும் அங்கேதான்.

ஒரு காலை அப்படி உயரத்தில் இருந்தபோது மரவள்ளிக்கு மேலாகச் சின்னண்ணன் வீடு தெரிந்தது. அவன் பெண்டாட்டி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதை மொபட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தம்மம்பட்டியில் மச்சினன் இருக்கிறான், அங்கேதான் போவான். அவன் போகக்கூடாது என்று பொன்னாத்தாளுக்கு இருந்தது. இவன் போய்விட்டால் ஊர் அடுத்து யாரைப் பார்க்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அது மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதனால் தன் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது. பலகை இறங்கும் வரை அவள் பொறுக்கவில்லை. குதித்தாள்.

"ஏ சின்னண்ணா! சாக்க எறக்கி வெச்சுட்டு மம்பட்டிய எடுத்துக்கிட்டு வா!"

வந்தான். கிணற்றைப் பார்த்தான். கிணற்றிலிருந்து வாய்க்கால் வரை, பச்சை மரவள்ளியை வேரோடு சாய்த்துக்கொண்டு இருவரும் வெட்டினார்கள். பாதி வழியில் அவள் நிமிர்ந்தாள்.

"வாய்க்கால மூடுனது நாந்தான்டா."

"பாத்தனுங்க அக்கா. நீங்க மூடிட்டுப் போனதும் முடிஞ்ச மட்டும் தோண்டி உட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா ஆரு நம்புவாங்க? நம்புனாலும் உங்களையில்ல வெரட்டுவாங்க."

இவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று அவள் யோசித்தாள். அவன் தோண்டிக்கொண்டிருந்தான்.

வரப்பை வெட்டியதும் கடல் பலகையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, காட்டைக் கடந்து கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஓடி வந்தது. எப்போதிருந்து கிணற்றில் கடல் என்று மலர்விழி கேட்டாள். இன்றைக்குத்தான் என்றாள் பொன்னாத்தாள். ஒருவரும் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் மம்பட்டி எடுத்துக் கரையைச் சரிசெய்தார்கள். சின்னண்ணன் வீட்டுச் சாக்கை யாரோ அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கிவைத்தார்கள். மாதம் திரும்புவதற்குள் முட்டைகளுக்கு ஓடு வந்தது. உடைக்க இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது. பொன்னாத்தாள் வீட்டுக்கு ஊர் நல்ல தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தது. முதல் குடத்தை அவள் மலர்விழிக்குக் கொடுத்து, அவள் குடித்த பிறகே தான் குடித்தாள்.

போன தை மாதம் ஒரு திமிங்கிலக் குட்டி வாய்க்காலில் வந்து நின்றது. அந்தக் கிணற்று வழியாக அது எப்படி வரும் என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். ஊர், அது யாருடையது என்று எருமப்பட்டி வரைக்கும் விசாரித்துப் பார்த்தது. யாரும் உரிமை கொண்டாடி வரவில்லை. பொன்னாத்தாள் கரையில் உட்கார்ந்து அதன் கண்ணையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஆரு சாமி அனுப்புனது உன்னய?"

குட்டி மூச்சு விட்டது. அது திரும்புவதற்கு இடம் போதாமல் இருந்தது. அவள் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு, தன் பக்கத்துக் கரையை வெட்டி அகலமாக்கினாள்.